சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் பறவைகளை அறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் நகரிலும் ஏற்காட்டுத் தோட்டங்களிலும் பறவை பார்க்கத் தொடங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முடிந்தவரை இந்த மாவட்டத்துப் பறவைகளைக் கொண்டே விடை தரப்பட்டுள்ளது.

தொடக்கநிலையில் இருப்பவர் முதலில் வேடந்தாங்கல் போன்ற சரணாலயத்துக்குச் செல்ல வேண்டுமா, சேலமே போதுமா?

சேலமே போதும் என்பதைவிட, தொடங்குவதற்குச் சேலம்தான் மேலானது என்று சொல்லலாம். சரணாலயத்தில் ஒரே நேரத்தில் பெருங்கூட்டமாகப் பறவைகளைக் காணும்போது வியப்பு மிஞ்சுகிறதே தவிர, ஒரு பறவையைத் தனியாக நின்று கவனிக்கும் பழக்கம் வருவதில்லை.

சேலத்துக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு அதன் உயர வேறுபாடு. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும், சேர்வராயன் கோயில் இருக்கும் மேட்டுப்பகுதி 1,600 மீட்டருக்கு மேலும் உள்ளன. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் ஒரே பயணத்தில் முட்புதர்க் காடு, மூங்கிலும் இலையுதிர் மரங்களும் கலந்த சரிவு, நிழல் மரங்களின் கீழ் வளரும் காப்பித் தோட்டம், உச்சியில் திறந்த புல்மேடு என்று நான்கு வகை வாழிடங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் பறவைக் கூட்டம் மாறுவதை ஒரே காலையில் பார்த்துவிடலாம். நீர்ப்பறவைகளுக்கு மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. ஏரியைச் சீரமைத்தபோது எழுப்பப்பட்ட மண் திட்டுகளில் வளர்ந்த மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் தங்குகின்றன. நீர் இருக்கும் ஆண்டுகளில் பனமரத்துப்பட்டி ஏரியையும் விட்டுவிடக் கூடாது.

ஒரு பறவையை இனங்காண நிறத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

நிறத்தைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. வெளிச்சம் எதிரில் இருந்தால் பச்சைப் பறவையும் கறுப்பாகத் தெரியும். ஏற்காட்டு மூடுபனியில் எல்லாப் பறவையும் சாம்பல் நிறம்தான். அது இருக்கும் இடம், அளவு, அலகின் வடிவம், வாலின் நீளம், நடத்தை ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு நிறத்துக்கு வருபவர் குறைவாகவே தவறுகிறார். அளவைச் சென்டிமீட்டரில் ஊகிக்க முயல வேண்டாம். சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்து, ‘மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது’ என்று எழுதினாலே போதும்.

நடத்தை எவ்வளவு உறுதியான அடையாளம் என்பதற்கு வாலாட்டிகளே சான்று. ஓடைக்கரையில் காணும் சாம்பல் வாலாட்டி வாலை மேலும் கீழுமாக அசைக்கும். காப்பித் தோட்டத்து நிழலில் சருகுகளுக்கிடையே நடக்கும் கொடிக்கால் வாலாட்டியோ உடலையும் வாலையும் பக்கவாட்டில் ஆட்டும். மங்கிய ஒளியில் அதன் மார்பிலுள்ள இரட்டைக் கறுப்புப் பட்டை தெரியாமல் போனாலும் இந்த ஆட்டம் தெரியும். அதுபோலவே, கம்பியிலோ மாட்டின் முதுகிலோ அமர்ந்து திறந்த வெளியில் பூச்சி பிடிப்பது பெரும்பாலும் கரிச்சான்; மரங்கள் அடர்ந்த சரிவில் உச்சிக்கிளையிலிருந்து பாய்வது, குளிர்காலமாக இருந்தால், சாம்பல் கரிச்சானாக இருக்கலாம். அதன் பிறகு அதன் சிவந்த கண்ணையும் சாம்பல் வயிற்றையும் தேடி உறுதி செய்துகொள்ளலாம்.

வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்குகளில் மட்டும் உடற்பகுதிகளின் நிறத்தை நம்பியாக வேண்டும். கறுப்பு அலகும் கறுப்புக் கால்களும் மஞ்சள் பாதங்களும் கொண்டது சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு மாடுகளைப் பின்தொடர்வது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறம் பெறும். சேற்று நிறத்தில் அசையாமல் நின்று, எழுந்து பறக்கும்போது திடீரென்று வெண்சிறகு காட்டுவது மடையான்.

ஏற்காட்டில் காணும் சின்னானும் நகரில் காணும் சின்னானும் ஒன்றா?

இல்லை. இந்த மலையின் உயர வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சின்னான்களே சிறந்த பாடம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நகரத்து வேப்ப மரத்திலும் வேலியோரத்திலும் காண்பது செங்குதச் சின்னான்: கரிய தலை, சிறிய கொண்டை, வாலடியில் சிவப்பு. ஏற்காட்டு ஏரிக்கரையிலும் தோட்டங்களிலும் மிகுதியாகக் காணப்படுவது செம்மீசைச் சின்னான். கூர்ந்து நிமிர்ந்த கறுப்புக் கொண்டையும், கன்னத்தில் வெள்ளைத் திட்டுக்கு மேல் ஒரு செந்தீற்றும் அதன் அடையாளங்கள். அடிவாரத்துப் புதர்களில், பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகமாக, வெண்புருவச் சின்னான் இருக்கும். பழுப்பு கலந்த மங்கிய பச்சை உடலும் கண்ணுக்கு மேல் வெண்கோடும் கொண்ட அது, வெடித்துச் சிதறுவது போன்ற குரலை எழுப்பிவிட்டுப் புதருக்குள் மறைந்துவிடும்.

நான்காவதுதான் வெளியூர்ப் பறவை ஆர்வலர்களை இங்கு வரவழைப்பது. மஞ்சள் தொண்டைச் சின்னான் தீபகற்ப இந்தியாவுக்கு மட்டுமே உரியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. பெரும்பாறைகளும் முட்புதர்களும் கலந்த சரிவுகளே அதன் வாழிடம். தலையும் தொண்டையும் மஞ்சள், உடல் சாம்பல் கலந்த பச்சை, வால் நுனியில் வெளிறிய நிறம், வெண்புருவம் கிடையாது. எங்கும் நிறைந்திருக்கும் பறவை அன்று என்பதால், பாறைச் சரிவைக் கண்டு அங்கே காத்திருப்பதே அதைக் காணும் வழி. கருங்கல் வெட்டியெடுப்பதும் புதர்களை அழிப்பதும் அதற்கு நேரடி அச்சுறுத்தல்கள். ‘வெறும் பாறையும் முள்ளும்தானே’ என்று வருவாய்க் கணக்கில் ஒதுக்கப்படும் நிலம் இந்தப் பறவைக்கு வீடு.

ஏற்காட்டில் நாள் முழுவதும் ‘குட்ரூ, குட்ரூ’ என்று கேட்கும் குரல் எந்தப் பறவையுடையது?

அது வெண்கன்னக் குக்குறுவான். பச்சை உடலோடு இலைகளுக்குள் அமர்ந்திருப்பதால் குரல் கேட்கும் திசையில் நெடுநேரம் தேடினாலும் கிடைக்காமல் போகலாம். பழுத்த அத்தி மரத்தடியில் நின்றால் எளிதாகப் பார்த்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தலைமை வாழிடமாகக் கொண்ட இந்தப் பறவை, கிழக்கே சேர்வராயன், சித்தேரி மலைகள் வரை பரவியிருப்பது குறிப்பிடத்தக்கது. கீழே சேலத்தில் கேட்கும் ‘டொக், டொக்’ என்ற சீரான ஒலி அதன் சிறிய உறவினரான செம்மார்புக் குக்குறுவானுடையது.

எங்கள் தோட்டத்தில் கறுப்புத் தேன்சிட்டு ஒன்று சில மாதங்களில் மஞ்சளாகிவிடுகிறது. இது நோயா?

நோயன்று, சிறகுதிர்ப்பு. ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பும் ஊதாவும் மின்னும் இறகுகளோடு இருக்கும். அக்காலம் முடிந்ததும் அவற்றை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கிய நிறத்துக்கு மாறும். மஞ்சள் வயிற்றின் நடுவே தொண்டையிலிருந்து இறங்கும் ஒரு கருங்கோடு மட்டும் அது ஆண் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இதோடு சேர்த்து லோட்டன் தேன்சிட்டையும் பிரித்தறியப் பழக வேண்டும். தொலைவிலிருந்து அதுவும் கறுப்புதான். ஆனால் அதன் அலகு குறிப்பிடத்தக்க அளவு நீண்டு வளைந்திருக்கும். மார்பில் அரக்கு நிறப் பட்டையும் அதன் கீழே பழுப்பு வயிறும் இருக்கும். மிகச் சாதாரணமாகக் காண்பது மூன்றாவதான ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அதன் ஆணுக்கு மஞ்சள் வயிறு ஆண்டு முழுவதும் உண்டு.

அந்த மின்னும் நிறம் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது; அதனால்தான் தலையைச் சற்றுத் திருப்பினாலே ஊதா பச்சையாகவும், பச்சை கறுப்பாகவும் மாறுகிறது. மயில் தோகையின் நிறமும் இப்படி உண்டாவதே.

எந்த மாதங்களில் பார்க்க வேண்டும்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போது உள்ளூர்ப் பறவைகளோடு வலசை வந்தவையும் இருக்கும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காட்டுக்கு வந்து ‘ஒரு பறவையையும் காணோம்’ என்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை, காலம்தான் தவறு.

வருகை ஒரே நாளில் நடப்பதில்லை. சாம்பல் வாலாட்டி செப்டம்பரிலேயே வந்துவிடும். அதைத் தொடர்ந்து இலைக்கதிர்க்குருவிகளும், பிளைத் நாணல் கதிர்க்குருவியும், அரசவால் ஈப்பிடிப்பானும் வரும். பெரும்பாலானவை ஏப்ரலில் வடக்கே திரும்பிவிடும். அக்டோபரை ஒட்டி வரும் ஆறுமணிக் குருவியை வண்ணத்துக்காக எல்லாரும் தேடுகிறார்கள். காலையும் மாலையும் இருட்டுப் பிரியும் அல்லது கவியும் வேளையில் அது எழுப்பும் இரண்டு சுர விசில்தான் முதல் தடயம். பகலில் அது மரத்தடிச் சருகுகளைப் புரட்டிக்கொண்டு தரையிலேயே இருக்கும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீடுகளுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு, மரநிழலுள்ள இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து நீர் ஊற்றாதீர்கள்; நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது என்பது தெரியும். காகம் ஏன் ஏமாறுகிறது?

இங்கு இரண்டு உடலியல் காரணங்களும் ஒரு நடத்தைக் காரணமும் சேர்ந்து செயல்படுகின்றன. குயிலின் முட்டை அளவில் சிறியதானாலும் நிறத்திலும் புள்ளிகளிலும் காக்கை முட்டையை ஒத்திருக்கிறது. அது காக்கை முட்டைக்குச் சில நாட்கள் முன்னதாகவே பொரிந்துவிடுவதால், குயில் குஞ்சுக்கு உணவு பெறுவதில் முந்துரிமை கிடைக்கிறது. முட்டையிடும் வேளையில் ஆண் குயில் கூட்டருகே கத்திக் காகங்களைத் துரத்தவைக்க, அந்த இடைவெளியில் பெண் குயில் நுழைந்து முட்டையிடுவதும் பதிவாகியுள்ளது. எல்லாக் குயிலினங்களின் குஞ்சுகளும் கூட்டின் சொந்தக் குஞ்சுகளைத் தள்ளிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் ஊர்க் குயிலின் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை, காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது.

கவிதையில் பாடும் குயில் பெரும்பாலும் பெண், மரத்தில் ‘கூ... ஊ’ என்று சுருதி ஏற்றிப் பாடுவதோ கரிய ஆண். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண் ‘கிக், கிக், கிக்’ என்று விரைந்து கத்தும்.

அக்காக்குயில் இதைவிட நுட்பமான வேடதாரி. அதன் இறகும் பறக்கும் முறையும் வல்லூறை ஒத்திருப்பதால் சிறு பறவைகள் அலறிக் கலைகின்றன. தவிட்டுக்குருவிகளின் கூட்டில் அது முட்டையிடுகிறது. வல்லூறா, அக்காக்குயிலா என்ற ஐயம் வந்தால் அலகைப் பாருங்கள்: வல்லூறின் அலகு குட்டையாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும்.

கிணற்றோரத்து மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் பல பாதியிலேயே நிற்கின்றன. கைவிட்டுவிட்டனவா?

சில கைவிடப்பட்டவை, பல காத்திருப்பவை. கூட்டைக் கட்டுவது ஆண். அறைப்பகுதி உருவாகி, நுழைகுழாய் பின்னப்படாத நிலையில் பெண் வந்து பார்க்கும். ஏற்றுக்கொண்டால் மட்டுமே ஆண் மீதியைப் பின்னும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் அதே ஆண் அருகில் மற்றொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். ஆகவே பாதிக் கூடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு கூட்டத்தின் நலிவை முடிவு செய்யக் கூடாது.

பறவைக்குக் குரல் எங்கிருந்து வருகிறது?

நமக்குத் தொண்டையின் மேற்பகுதியில் குரல்வளை இருப்பது போல, பறவைக்கு மூச்சுக்குழாய் இரண்டு கிளைகளாகப் பிரியும் அடிப்பகுதியில் ஒலிப்பெட்டி இருக்கிறது. இரு கிளைகளையும் தனித்தனியே இயக்க முடிவதால் பாடும் பறவைகள் சில ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்புகின்றன. நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள், பெரும்பாலான பறவைகளில் 9, காற்றை ஒரே திசையில் செலுத்துவதால் மூச்சை வெளிவிடும்போதும் புதிய காற்று நுரையீரலின் வழியே செல்கிறது.

கைப்பேசிச் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்லிவிடுகிறதே, இத்தனை பாடு எதற்கு?

மெர்லின் போன்ற செயலி நல்ல துணை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. கரிச்சான் வல்லூறைப் போலக் கத்தக்கூடியது. அதைக் கேட்டு மைனாக்கள் சிதறும்போது அவற்றின் இரையைப் பறித்துக்கொள்ளும். பறவையையே ஏமாற்றும் அந்தக் குரல் கருவியை ஏமாற்றாது என்று நம்ப இடமில்லை. செயலி ஒரு பெயரைக் காட்டினால், அந்தப் பறவையைக் கண்ணால் கண்ட பிறகே குறிப்பேட்டில் எழுதுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய ஒரு பறவையின் பெயர் திரையில் வந்தால் இருமடங்கு எச்சரிக்கை தேவை.

குறிப்பேட்டில் என்ன எழுத வேண்டும்? சாதாரணப் பறவைகளை எழுதுவதில் பயன் உண்டா?

நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், உயரம், வானிலை, கண்ட ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல். கடைசியில் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘செம்மீசைச் சின்னான் 4’ என்பதைவிட ‘செம்மீசைச் சின்னான் 4, இரண்டு அலகில் நாருடன் பறந்தன’ என்பது கூடு கட்டும் காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

சாதாரணப் பறவைகளுக்கே பதிவு அதிகம் தேவை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்த வெர்னே அறிவியல் ஆய்வு சேர்வராயன் மலையிலும் பறவைகளைச் சேகரித்தது. ஹியூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் அவற்றைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார்கள். அந்தப் பட்டியல் இருப்பதால்தான் இன்றுள்ளதோடு ஒப்பிட முடிகிறது. இன்று நீங்கள் ஈ-பேர்ட் தளத்தில் இடும் பட்டியலும் அவ்வாறே பயன்படும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த பதிவுகளைக் கொண்டுதான். தனியே தொடங்கத் தயங்குபவர்கள் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம்.

கைப்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டதா?

அழியவும் இல்லை, கோபுரமே காரணம் என்பதற்குத் தக்க சான்றும் இல்லை. 2020-ஆம் ஆண்டு நிலை அறிக்கையின்படி நாடளவில் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. ஓட்டு வீட்டின் இடுக்குகள் மறைந்ததும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சிகள் கிடைக்காததும் கவனிக்க வேண்டியவை. அரிசி போட்டால் வளர்ந்த குருவி பிழைக்கும். முதல் சில நாட்களில் குஞ்சுக்குத் தேவை புழுபூச்சி.

கீழே கிடக்கும் குஞ்சைத் தொட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையா?

உண்மையன்று. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நகரும் குஞ்சு பறக்கப் பழகுகிறது; பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகினால் பெற்றோர் வந்து ஊட்டும். இறகில்லாத குஞ்சைக் கூடு தெரிந்தால் கூட்டில் வையுங்கள்.

கூட்டைப் படம் எடுக்கலாமா? பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். கூட்டருகே நாம் நின்றால் அடைகாக்கும் பறவை விலகும், முட்டை வெயிலில் கிடக்கும், நம்மைக் கவனித்த காகம் கூட்டையும் கவனிக்கும். பதிவுக் குரலைக் கேட்டு வரும் பறவை நம்மைப் பார்க்க வரவில்லை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணிச் சண்டைக்கு வருகிறது. வார இறுதிதோறும் ஒரே பாறைச் சரிவில் பலர் இதைச் செய்தால், மஞ்சள் தொண்டைச் சின்னான் போன்ற பறவை உணவு தேட வேண்டிய நேரத்தைக் காற்றோடு சண்டையிட்டுக் கழிக்கும். ஒரு படத்துக்காக இது நடப்பதை ஏற்க முடியாது.

எந்த இருகண் நோக்கி வாங்கலாம்?

8×42. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பெருகும். காப்பித் தோட்டத்து நிழலில் அகன்ற காட்சியும் மிகுந்த வெளிச்சமுமே உதவும். 50 மடங்கு, 100 மடங்கு என்று விற்கப்படும் மலிவானவற்றை வாங்காதீர்கள்.

பறவையியலைப் பாடமாகப் படிக்க வழி உண்டா?

இளநிலையில் விலங்கியல் படித்துவிட்டு, முதுநிலையில் காட்டுயிர் உயிரியலுக்குச் செல்வது வழக்கமான பாதை. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி அந்தப் பாடத்துக்குப் பெயர் பெற்றது. ஆய்வுக்குக் கோவை ஆனைக்கட்டியில் சாலிம் அலி பறவையியல் மையமும், டேராடூனில் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் உள்ளன.

பச்சைக்கிளி வளர்க்கலாமா?

கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 நம் நாட்டுக் கிளிகளையும் சில்லைகளையும் பிடிப்பதையும் விற்பதையும் வளர்ப்பதையும் தடை செய்கிறது.

தோட்டம் வைத்திருப்பவர் பறவைகளுக்காக என்ன செய்யலாம்?

நிழலுக்குச் சில்வர் ஓக் மட்டும் நடாமல் அத்தி, ஆல், நாவல் போன்ற நாட்டு மரங்களையும் விட்டுவையுங்கள். சில்வர் ஓக் பூக்கும்போது தேன்சிட்டுகள் வரும் என்பது சரிதான். குக்குறுவானுக்கும் சின்னானுக்கும் வேண்டிய பழம் அதில் இல்லை. இடையூறில்லாத இடத்தில் பட்டுப்போன மரம் நின்றால் அதை உடனே வெட்ட வேண்டாம். குக்குறுவானும் மரங்கொத்தியும் அதில் துளை குடையும். அவை விட்டுச் சென்ற பிறகு அதே பொந்துகளில் மைனாவும் கிளியும் புள்ளி ஆந்தையும் குடியேறும்.